மதில் தாண்டிப் போன புரதம்

சில மாதங்களுக்கு முன் கிழக்குத் தாம்பரம் கடைவீதியில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். என் அளவைவிட ஓர் அளவு பெரியது.

காரணம் எளிது. பழைய செருப்பு சுருங்கிவிட்டது. காலையில் மரியாதையாக உள்ளே போகும் பாதம், மாலையில் போக மறுத்தது. தோல் ஈரத்தில் சுருங்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். மழையே இல்லாத மாதத்தில் ஈரம் எங்கிருந்து வந்தது? மாலையில் சுருங்கிய செருப்பு மறுநாள் காலையில் எப்படி விரிந்தது? இந்தக் கேள்விகளை நான் எழுப்பவில்லை. வாழ்நாள் முழுவதும் மாணவர்களைக் கேள்வி கேட்டே களைத்துப்போனவன், தன்னைக் கேட்டுக்கொள்ளச் சோம்பல்படுவது இயற்கைதானே...

"போன தடவ குடுத்தது மட்டமான தோலுப்பா" என்று கடைக்காரரிடம் குறைபட்டேன்.

"இப்ப வர்ற சரக்கே அப்படித்தான் சார்" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். பெரிய அளவை எடுத்துப் போட்டார். இருவரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்திலிருந்து என் மகள் ஷீபா வந்தாள். புதுச் செருப்பைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது.

"அப்பா, சுருங்கினது செருப்பு இல்ல."

மறுநாளே சேலையூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இளம் பெண். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், கிட்னி, லிவர், ஹார்ட் மூணும் நல்லா இருக்கு. ஆல்புமின்தான் ரொம்ப லோ. ஒடம்புல புரோட்டீன் பத்தல."

நான் தலையாட்டினேன். வயதானவருக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைச் சற்று உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"புரோட்டீன்னா... பருப்பு, முட்டை, பால் இதுலல்லாம் இருக்கும் சார். நம்ம ஒடம்பக் கட்டுறதே அதுதான். அது குறைஞ்சா காலெல்லாம் வீங்கும்."

"அப்படிங்களா" என்றேன்.

ஷீபா சுவரில் இருந்த கண் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன வேலை பாத்தீங்க சார்?"

"டீச்சிங்."

"என்ன சப்ஜெக்ட்?"

நான் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் துழாவினேன். பதில் மகளிடமிருந்து வந்தது.

"புரோட்டீன்."

மருத்துவர் அவசரமாகக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆம். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஓய்வு பெறும்வரை நான் நடத்திய பாடம் அமினோ அமிலங்களும் புரதங்களின் அமைப்பும்தான். ஆல்புமின் என்பது கல்லீரல் தயாரிக்கும் புரதம். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது குறைந்தால் நீர் குழாயைவிட்டுக் கசிந்து, நாளெல்லாம் நடமாடுகிறவனுக்குக் காலில் போய்த் தேங்கும். இரவில் படுத்தால் கொஞ்சம் வடியும். இதையே ஐந்து மதிப்பெண் கேள்வியாக ஆண்டு தவறாமல் கேட்டிருக்கிறேன். பதில் தெரியாமல் விழித்த பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்பட்டும் இருக்கிறேன். இப்போது அந்தத் தேர்வை நான் எழுதியிருந்தால், 'செருப்பு சுருங்குவதால்' என்று பதில் எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்திருப்பேன்.

வாரந்தோறும் நான் எழுதும் இந்தப் பத்தி இடையில் சில வாரங்கள் வரவில்லை. காரணம் வாசகர்களுக்குத் தெரியும். என் மனைவியின் மறைவுக்கு ஆறுதல் எழுதிய அனைவருக்கும் தனித்தனியே பதில் எழுத முடியவில்லை, நன்றி. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதும் எண்ணம் இல்லை. ஆல்புமினுக்கு வருவோம்.

"டெய்லி என்னப்பா சாப்பிடுறீங்க?" என்று வீடு திரும்பியதும் ஷீபா கேட்டாள்.

"சாப்பிடுறேனே."

"என்ன?"

காலையில் தேநீரும் ரஸ்க்கும். மதியம் கொஞ்சம் மோர்ச் சாதம். மாலையில் தேநீரும் ரஸ்க்கும். இரவில் பசி இருந்தால் ரஸ்க். சொல்லும்போதுதான் அதன் ஒழுங்கு எனக்கே தெரிந்தது. இப்படி ஓர் உணவுமுறையை எந்த மாணவனாவது ஆய்வேட்டில் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவள் கத்தவில்லை. என் மகள் அல்லவா, அந்தப் பழக்கம் எங்களிடம் இல்லை. தீர்ப்பை மட்டும் சொன்னாள்.

"ஒரு மாசம் டைம். அதுக்குள்ள ஆல்புமின் ஏறணும். ஏறலன்னா நீங்க எங்ககூட வந்துடணும். வீட்டப் பூட்டிடலாம். அப்புறம் அதப் பத்திப் பேச்சே கூடாது."

அவளுடைய அடுக்குமாடி வீடு வசதியானது. பதினோராம் மாடி. பால்கனியிலிருந்து பார்த்தால் தூரத்தில் கடல்கூடத் தெரியும் என்கிறார்கள், எனக்குத் தெரிந்ததில்லை. மருமகன் நல்லவர். லிஃப்டில் எல்லோரும் 'குட் மார்னிங் அங்கிள்' என்கிறார்கள். இத்தனை இருந்தும் ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய வீட்டை விட்டுப் போக ஏன் மனமில்லை என்று கேட்டால், இங்கே கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன். வேறு காரணங்களை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சரியாகத்தான் இருக்கும்.

"சரிம்மா. ஏறிடும்" என்றேன்.

"சும்மா சொன்னா போதாது. டெய்லி மத்தியானத் தட்ட ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பணும்."

ஒரு விஞ்ஞானியிடம் சான்று கேட்கிறாள். மறுக்க முடியுமா?

மறுநாளே வேலையில் இறங்கினேன். புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அவற்றில் இருபது வகை உண்டு. சிலவற்றை உடலே தயாரித்துக்கொள்ளும். சிலவற்றைச் சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். எனவே பொங்கல். எனவே சாம்பார் சாதம். எனவே இட்லி. கரும்பலகையில் இதைக் கட்டம் போட்டு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதே கட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் நாள்தோறும் ஆவி பறக்க வந்து உட்கார்ந்ததை மட்டும் கவனித்ததில்லை.

சமையல் வந்தது. அதில் எனக்கே வியப்பு. ஆய்வகத்தில் கரைசல் தயாரித்தவனுக்கு அளவும் வெப்பநிலையும் கைவரும் அல்லவா? பொங்கல் குழைந்தது. சுண்டல் வெந்தது. முட்டை அவித்தேன்.

முட்டை அவிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. புரதம் வெறும் சங்கிலியாக இருந்தால் வேலை செய்யாது. தனக்குரிய வடிவத்தில் மடிந்தால்தான் செய்யும். சில சின்னப் புரதங்களை வேதிப்பொருள் ஊற்றிப் பிரித்துப் போட்டாலும், அந்தப் பொருளை நீக்கியதும் தாமாகவே பழைய வடிவத்துக்கு மடிந்துகொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு அப்படி இல்லை. சூடு பட்டுப் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, கெட்டியானால் ஆனதுதான். எவ்வளவு ஆறவைத்தாலும் திரும்பாது. என் வயதில் மனைவியை இழந்தவனிடம், "நாளாக நாளாகச் சரியாயிடும் சார்" என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது முதல் வகைப் புரதம்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டை உரித்தேன்.

முதல் நாள் மதியம். பொங்கல், சாம்பார், பாதியாக அரிந்த முட்டை. தட்டு பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். உடனே கட்டைவிரல் வந்தது. கூடவே ஓர் இதயமும். உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்தேன். இரண்டாவது கரண்டி பாதி வழியில் நின்றது. தொண்டையில் அடைப்பு ஒன்றும் இல்லை. கை, வாய், பல் எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் இறங்கவில்லை. தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டும் வழக்கம் கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் இந்த ஊரின் பழைய குடும்பம். இன்று குடியிருப்புகள் நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடைய நெல் வயல். இப்போது மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். என்னைவிடச் சில வயது இளையவர். உடம்பு என்னைப் போல் இரண்டு பங்கு.

"இன்னா சார், நெய் வாசன தூக்கினு போவுது. விருந்தாளி யாரு?"

"யாரும் இல்ல. கொஞ்சம் அதிகமா பண்ணிட்டேன். சாப்பிடுறீங்களா?"

மதில்மேல் கை நீண்டது. தட்டு போயிற்று. வெறும் தட்டு திரும்பி வந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். விரைவிலேயே அது ஒரு நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. பன்னிரண்டரைக்கு நான் சமைத்து முடிப்பேன். படம் எடுப்பேன். அனுப்புவேன். இரண்டு கரண்டி முயற்சி செய்வேன். ஒரு மணிக்கு மதிலுக்கு அப்பால் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்கும்.

ஏமாற்றினேனா? இந்தக் கேள்வியை ஒரு நாள் எனக்கே போட்டுப் பார்த்தேன். படத்தில் இருந்தது உண்மையான தட்டு. அதில் இருந்தது உண்மையான சாப்பாடு. ஷீபா கேட்டது தட்டின் படம். சாப்பிட்ட பிறகு தட்டு எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது என்பதுதான் மாணவர்களுக்கு நான் வாழ்நாளெல்லாம் சொன்ன அறிவுரை.

"சுண்டல்ல உப்பு கம்மி சார்" என்றார் வேலாயுதம் ஒரு நாள்.

"அப்படியா? நான் கவனிக்கல."

"நேத்து பருப்பு உசிலி அம்சமா இருந்துச்சி. எங்க வூட்டுக்காரம்மாவுக்கு ஒரே கோவம். வூட்டு சோத்த தொட மாட்டேன்றியேன்னு."

மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்தேன். அடுத்த நாள் மாலை ஷீபா அலுவலகத்திலிருந்து நேரே வந்தாள். கார் கதவைத் திறந்தபோது பின்இருக்கையில் ஒரு வெற்றுச் சூட்கேஸ் இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"குறைஞ்சிருக்குப்பா."

"இருக்காதே."

"போன தடவைய விடக் குறைஞ்சிருக்கு."

கைபேசியில் ஒரு மாதப் படங்களையும் ஓட்டிக் காட்டினாள். பொங்கல். முட்டைக் குருமா. பயறு. மீன் வறுவல். மறுபடி பொங்கல். படங்கள் வரவரத் தேறியிருந்தன. கடைசி வாரத்தில் ஓரத்தில் கொத்தமல்லித்தழைகூட வைத்திருந்தேன்.

"இவ்வளவு சாப்பிட்டும் எப்படிப்பா குறையும்?"

இப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் ஆய்வாளன். உண்மைக்கு முன் மாற்றுக் கருதுகோள்களை ஆராய வேண்டும். குடல் சரியாக உறிஞ்சவில்லையோ என்றேன். ஆய்வகத்தில் மாதிரியைச் சரியாகக் கையாளவில்லையோ என்றேன். வயதானால் கல்லீரலின் தயாரிப்பு வேகம் குறைவது பற்றிச் சிறு விளக்கம் ஒன்றையும் தொடங்கினேன். ஷீபா நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி நம்பிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டதை நான் கவனித்தேன்; கவனித்தும் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது.

வேலாயுதம். கையில் எங்கள் வீட்டுத் தட்டுகள் நான்கைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

"சார், தட்டெல்லாம் எங்க வூட்லயே சேந்துபோச்சி. நாளைக்கு இதுல வெச்சி குடுக்கணுமேன்னு... அடடே, பாப்பா. எப்ப வந்த?"

ஷீபா தட்டுகளைப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட தட்டுகள். எல்லாப் படங்களிலும் இருந்தவை.

"அங்கிள், எத்தன நாளா?"

"டெய்லிதான் பாப்பா. ஒரு நாள் கூட சார் உட்டதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாரு தனக்கு எடுத்து வெச்சிட்டு மீதியத்தான் குடுக்கிறாருன்னு நெனச்சேன் பாப்பா."

"மீதி இவ்வளவா அங்கிள்?"

"காலேஜ் வாத்தியாரு, அளவு தெரியாம ஆக்குறாருன்னு நெனச்சேன்."

தட்டுகளை மெதுவாக மேசைமேல் வைத்தார். "நான் வேணா அப்பறமா வரேன்" என்று பின்வாங்கினார்.

"இருங்க அங்கிள். உக்காருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்பா? பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம். கூட வர வேண்டாம்னாலும் சொல்லியிருக்கலாம். ஏன் சாப்பிட முடியல?"

எளிமையான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பதில் சொன்னேன்.

"புரதம் தயாராகும்போது நீளமான சங்கிலியா வெளிய வரும். பல புரதங்கள் தானாவே மடிஞ்சிக்கும். சிலதால முடியாது. தனியா விட்டா, கூடாத இடத்துல ஒட்டி, வீணாப் போயிடும். அதனால செல்லுக்குள்ள துணைப் புரதம்னு ஒண்ணு இருக்கு. அது பக்கத்துல நிக்கும். தப்பான இடத்துல ஒட்டிக்காம பாத்துக்கும். மடிஞ்சி முடிஞ்சதும் விலகிடும். கடைசியில வர்ற வடிவத்துல அதோட அடையாளம் எதுவும் இருக்காது. மைக்ராஸ்கோப்ல பாத்தாலும் தெரியாது. அதனால முதல்ல யாரும் அதக் கண்டுக்கல. நானும் கிளாஸ்ல ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவேன். போர்ஷன் முடிக்கணுமில்ல..."

நிறுத்தினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அம்மாவப் பத்திச் சொல்றீங்களாப்பா?"

"இல்லம்மா. புரதத்தப் பத்தித்தான் சொல்றேன்."

வேலாயுதம் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ஒண்ணும் பிரியல பாப்பா. சாப்புடாததுக்குத் தண்டனையா சார உங்க வூட்டுக்கு கூட்டினு போப்போறியா?"

அவள் சிரித்துவிட்டாள். அழுகைக்கு மிகப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு மாசம். இதுதான் கடைசி. அங்கிள், இனிமே தட்டு மதிலத் தாண்டக் கூடாது. நீங்க தாண்டி வாங்க. ஃபோட்டோவும் மாறணும்ப்பா. இனிமே காலித் தட்டுதான்."

சூட்கேஸ் வந்த காரிலேயே திரும்பிப் போயிற்று.

மறுநாள் ஒரு மணிக்கு வேலாயுதம் வாசல் வழியாக வந்தார். வெள்ளை வேட்டி, திருநீறு, நறுமணம் எல்லாமாக, கல்யாணத்துக்கு வந்தவர்போல் இருந்தார். மேசையில் எதிரே உட்கார்ந்தார். இரண்டு தட்டிலும் பரிமாறினேன். அவர் கையைத் தட்டில் வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க" என்றேன்.

"இன்னா சார், நீங்க ஜெபம் பண்ணுவீங்க இல்ல? கிறிஸ்மஸுக்கு வந்தப்போ அம்மா பண்ணாங்களே. கண்ண மூடிக்கினு."

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது என் மனைவி. நான் ஆமென் சொல்வேன். என் பங்கு அவ்வளவுதான். அதையும் சில நாள் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்லியிருக்கிறேன். ஒரு மாதமாகக் கரண்டி ஏன் பாதி வழியில் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாப்பாடு தொடங்கவே இல்லை. ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும். நான் ஆமென் சொல்லக் காத்துக்கொண்டிருந்தேன்.

"பண்ணுங்க சார். ஆறிடப் போவுது."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த உணவுக்காக..." என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. ஆயிரக்கணக்கான முறை கேட்ட ஜெபம். ஒரு சொல்கூட ஒட்டவில்லை. இருபது அமினோ அமிலங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

"நன்றி" என்று முடித்தேன்.

"ஆமென்" என்றார் வேலாயுதம், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு சாம்பாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் சாப்பிடும்போது பேசுவார். ஊரப்பாக்கத்து மனை ஒன்றைப் பற்றி, அதன் பக்கத்து மனைக்காரனின் அயோக்கியத்தனம் பற்றி, போர்வெல் போட்டும் தண்ணீர் வராத தன் மருமகன் பற்றி. பதில் தேவையில்லாத பேச்சு. நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கீழே பார்த்தேன். என் தட்டில் பாதிக்கு மேல் காணவில்லை. மதிலுக்கு அப்பால் போகவும் இல்லை.

அவர் கேள்வியும் கேட்பார்.

"அது இன்னா சார் அமினோ ஆசிட்? கடையில நான் விக்கிறனே, பாத்ரூம் கழுவுற ஆசிட்டு... அத்தப் போயா டாக்டரு துன்னச் சொல்றாங்க?"

வகுப்பை விட்டு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவர். நான் விடுவேனா? மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாப் பெட்டிக்கும் இரு முனையிலும் ஒரே மாதிரிக் கொக்கி. உள்ளே இருக்கும் கூட்டம்தான் வேறு வேறு. அமினோ அமிலமும் அப்படியே. ஒன்றின் முனை அடுத்ததன் முனையோடு மாட்டிக்கொள்ளும். மாட்டும்போது ஒரே ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அந்த நீண்ட ரயில், சில இடத்தில் ஸ்பிரிங்போல் சுருளும். சில இடத்தில் கஞ்சி போட்ட வேட்டிபோல் விசிறி மடிப்பாகும். பிறகு மொத்தமாக உருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். ரயில் யார்டில் அப்படி மடிந்து கிடந்தால் செய்தியாகிவிடும். உடம்புக்குள் மடியாமல் கிடந்தால்தான் செய்தி.

"எப்பிடி மடியணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

நல்ல கேள்வி. நன்றாகப் படித்தவர்களும் கேட்காமல் விட்டது. மழை பெய்யும்போது தாம்பரம் பிளாட்பாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். குடை இல்லாதவர்கள் எல்லாரும் நடுவில் நெருக்கியடிப்பார்கள். குடை உள்ளவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. தண்ணீர் பிடிக்காத அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்க, பிடித்தவை வெளியே நிற்க, வடிவம் பெரும்பாலும் தானே அமைந்துவிடும். வரிசையில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் போதும். ரத்த அணுவே அரிவாள்போல் வளைந்துவிடுகிற நோய்கூட உண்டு.

"பட்டாவுல ஒரு நம்பர் மாறினா மாதிரி" என்றார் அவர். "மனையே அடுத்தவன்து ஆயிடும்."

எழுந்து கைகழுவினோம். இரண்டு வெறும் தட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். ஓரத்தில் வேலாயுதத்தின் கட்டைவிரல் விழுந்திருந்தது. ஷீபா பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. இரவு மட்டும் தொலைபேசியில், "இன்னிக்கு என்ன கொழம்புப்பா?" என்றாள்.

போன வாரம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஆல்புமின், இருக்க வேண்டிய கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் மயிரிழை ஏறி நிற்கிறது. மருத்துவருக்கு மகிழ்ச்சி.

"வெரி குட் சார். என்ன புரோட்டீன் எடுத்துக்கிட்டீங்க?"

"அதே பருப்பு, முட்டைதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாப்பிடுறார்."

அவர் கணினியில் பருப்பு, முட்டை வரைக்கும் தட்டினார்.

மாலையில் ஷீபாவின் செய்தி வந்தது. 'சரிப்பா. அங்கயே இருங்க.' அவ்வளவுதான். நானும் 'சரி' என்று எழுதினேன். பிறகு, இங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சேர்த்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, 'தேங்க்ஸ்ம்மா' என்று அனுப்பினேன்.

நேற்று மதியம் வேலாயுதம் வழக்கத்துக்கு மாறாக வாட்டமாக வந்தார். வேட்டியைக் கட்ட முடியவில்லை என்று மனைவி அவரையும் அதே மருத்துவரிடம் இழுத்துப் போயிருக்கிறார்.

"கொழுப்பு, சக்கரை ரெண்டுமே ஏறிக்கீதாம் சார். மத்தியான சோத்த பாதியாக் கொறைக்கணுமாம். ஊட்ல, 'உங்க சாருகிட்ட சொல்லு'ன்றா."

"அப்ப இனிமே வர மாட்டீங்களா?"

கேட்டுவிட்டேன். குரல் நான் எண்ணியதைவிடச் சற்றுச் சன்னமாக வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா? சோத்ததான் சார் கொறைக்கச் சொன்னாங்க. பேச்ச கொறைக்கச் சொல்லல. நீங்க மொதல்ல ஜெபத்த ஆரம்பிங்க."

ஆகவே இப்போது நிலைமை இதுதான்: ஒரே பானை, அவருக்குக் குறைக்க வேண்டும், எனக்குக் கூட்ட வேண்டும். ஜெபம் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்கிறார்... எனக்கு இன்னும் மூன்று வரிக்கு மேல் வரவில்லை.